சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறும்போது எல்லோரும் செய்யும் தப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வந்த முதல் ஏழு வருடம் நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளியவன் நான். வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாற மூன்று முறை முயன்றேன், இரண்டு முறை ஒரு வாரம்கூடத் தாங்காமல் சிகரெட்டுக்கே திரும்பினேன், மூன்றாவது முறைதான் தேறியது. அன்றிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, இது பிரிட்டனில் இருப்பவர்களை நினைத்து எழுதியது. இங்கே 18 வயதானவர் கடையில் சட்டப்படி வாங்கலாம், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸே புகைப்பவர்களை மாறச் சொல்கிறது. இந்தியாவில் கதையே வேறு, அது கடைசிக் கேள்வியில். இரண்டு, இது ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு மட்டும். சிகரெட்டே தொடாதவர் வேப்பைத் தொட ஒரு காரணமும் இல்லை. நான் டாக்டரும் இல்லை, கடைக்காரனும் இல்லை.

வேப்பும் புகைதானே? உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?

சிகரெட்டில் இலை எரிகிறது. எரிவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் இன்னும் ஆயிரக்கணக்கான பொருட்களும் வருகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. பேட்டரி ஒரு சின்னக் கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது (அதைத்தான் காயில் என்கிறோம்), காயிலை ஒட்டிய பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகிறது, அவ்வளவுதான். திரவத்தில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின், ஃப்ளேவர், நிகோடின். கடையில் முதல் இரண்டையும் பி.ஜி., வி.ஜி. என்பார்கள், மொத்தத்தையும் ஜூஸ் என்பார்கள். இன்றைய வடிவத்தை 2003 வாக்கில் கொண்டுவந்தவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரும் பயங்கரமாகப் புகைத்தவர்தான்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. நீண்டகால விளைவுகள் முழுதாகத் தெரிய இன்னும் வருடங்கள் ஆகும். ஆனால் சிகரெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்பதுதான் இங்குள்ள மருத்துவ அமைப்புகளின் நிலை. சுத்தமான காற்றோடு ஒப்பிட்டால் வேப் தோற்கும். நமக்கு ஒப்பீடு பாக்கெட்டோடுதான்.

நிகோடின் குறைவாக எடுத்தால்தானே நல்லது? 3 மில்லிகிராம் வாங்கி ஆரம்பிக்கட்டுமா?

என்னிடம் வந்து தோற்றவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தோற்றார்கள், என் முதல் முயற்சியும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. நிகோடின்தான் விஷம், அதைக் குறைத்தால் புண்ணியம் என்று நினைத்து நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவர் 3 மில்லிகிராம் பாட்டிலை வாங்குவார். உடம்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. காலையிலிருந்து நிறுத்தாமல் இழுப்பார், தொண்டை காயும், தலை கனக்கும், மனசு அமைதியாகாது, நாலாவது நாள் 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் பாக்கெட் வாங்குவார்.

நிகோடின் அடிமைப்படுத்தும், அதில் சந்தேகமில்லை, நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். ஆனால் நுரையீரல் புற்றுநோயைக் கொடுப்பது அது இல்லை, கூட வரும் புகை. தோலில் ஒட்டும் பேட்ச்சிலும் வாயில் மெல்லும் கம்மிலும் டாக்டர்கள் பல வருடமாகக் கொடுப்பதும் இதே நிகோடினைத்தான். அதனால் ஆரம்பத்தில் போதுமான அளவு எடுங்கள், குறைப்பது பிறகு.

பிரிட்டனில் சட்டப்படி அதிகபட்சம் ஒரு மி.லி.க்கு 20 மில்லிகிராம். பாட்டிலில் சில சமயம் 2 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நாளுக்கு ஒரு பாக்கெட், அல்லது எழுந்த அரை மணி நேரத்தில் முதல் தம் என்றால் நேராக 20க்குப் போங்கள். பத்து சிகரெட் அளவில் இருப்பவர் 10 அல்லது 12 எடுக்கலாம். வாரத்துக்கு நாலைந்து பிடிப்பவர் என்றால், உண்மையைச் சொல்லட்டுமா, உங்களுக்கு வேப்பே வேண்டாம், இருப்பதைவிடப் பெரிய பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

அளவு அதிகமாகிவிட்டால் தலை சுற்றும், குமட்டும், சிலருக்கு விக்கல் வரும். மெஷினைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். அப்புறம் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். குறைவாகிவிட்டால்தான் சிக்கல், 'எனக்குப் போதவில்லை' என்று உடம்பு சொல்வதை 'வேப் வேலை செய்யவில்லை' என்று நாம் தப்பாகப் புரிந்துகொள்வோம்.

பாட்டிலில் 'சால்ட்' என்று போட்டிருக்கிறதே, உப்பா?

சமையல் உப்பு இல்லை. நிகோடினோடு பென்சாயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்தால் கிடைப்பது நிகோடின் சால்ட். சாதாரண நிகோடின் 20 மில்லிகிராமில் தொண்டையை அறுக்கும், சால்ட் அதே அளவில் வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக மாறுபவருக்கு சால்ட்தான் வசதி. தொண்டையில் அந்த அடி விழுந்தால்தான் தம் அடித்த மாதிரி இருக்கும் என்பவர்கள் சாதாரணத்தில் 12 எடுத்துப் பார்க்கலாம்.

ஒரு இழுப்பு இழுத்தாலே இருமல் பிய்த்துக்கொண்டு வருகிறது. ஒத்துக்கொள்ளவில்லையா?

எப்படி இழுக்கிறீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். சிகரெட்டை நாம் சுருக்கென்று வேகமாக இழுத்துப் பழகியிருக்கிறோம், அதில் நெருப்பு கனியும். வேப்பில் அப்படி இழுத்தால் காயில் சூடாவதற்குள் இழுப்பு முடிந்துவிடும், ஆவிக்குப் பதில் திரவம் உறிஞ்சப்பட்டு உதட்டில் காரமாகச் சொட்டும். மெதுவாக, மூன்று நாலு வினாடி, சூடான டீயை உறிஞ்சுவதைவிட நிதானமாக இழுங்கள். முதலில் வாயில் நிரப்புங்கள், ஒரு கணம் வைத்து, பிறகு மூச்சோடு உள்ளே. சிகரெட்டும் அப்படித்தான் பிடித்தோம், யோசித்துச் செய்யாததால் தெரியவில்லை.

இழுக்கும் முறை சரியாக இருந்தும் இருமல் வந்தால் பி.ஜி. காரணமாக இருக்கலாம். அது கொஞ்சம் உறுத்தும். வி.ஜி. கூடுதலாக உள்ள திரவத்தை மாற்றிப் பாருங்கள், ஆனால் சின்ன மெஷினில் ரொம்பக் கெட்டியான திரவம் பஞ்சுக்குள் இறங்காது, பாதிக்குப் பாதிதான் அதற்கு ஏற்றது. வாய் உலர்வது எல்லோருக்கும் உண்டு, பி.ஜி.யும் வி.ஜி.யும் ஈரத்தை இழுக்கும் பொருட்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட்டை விட்ட முதல் வாரங்களில் வரும் இருமலில் ஒரு பங்கு, விட்டதாலேயே வருவது. நுரையீரல் தன் வேலையை மறுபடி ஆரம்பித்துச் சளியைத் தள்ளுகிறது. ஆனால் ஓரிரு வாரம் தாண்டியும் நீடித்தால், ரத்தம் கண்டால், மூச்சு வாங்கினால், இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) போங்கள்.

எந்த மெஷின் வாங்குவது? நண்பன் பெரிதாக ஒன்று வைத்திருக்கிறான், ரயில் என்ஜின் மாதிரி புகை வருகிறது.

அதை அவனிடமே விட்டுவிடுங்கள். அந்த மாதிரி மெஷினில் காயிலின் மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே இருக்கும், 40, 60 வாட் என்று ஓடும், நேராக நுரையீரலுக்குள் இழுக்க வேண்டும், திரவம் தண்ணீராகக் கரையும். அதில் 20 மில்லிகிராம் சால்ட்டை ஊற்றி இழுத்தால் மயக்கமே வரும், அதற்கெல்லாம் 3 மில்லிகிராம்தான். புகைப்பவருக்கு வேண்டியது சிகரெட் மாதிரி இறுக்கமான இழுப்பு: ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் காயில், 10 முதல் 15 வாட், பட்டன்கூட இல்லாமல் இழுத்தாலே இயங்கும் சின்ன பாட் மெஷின் (திரவம் நிற்கும் குப்பி தனியாகக் கழன்று வரும், அதுதான் பாட்). விலை ஒரு பாக்கெட் சிகரெட்டோடு நின்றுவிடும். இப்போது இங்கே 20 சிகரெட் பாக்கெட் பதினைந்து பவுண்டுக்கு மேல் போகிறது, அது உங்களுக்கே தெரியும்.

ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஹாரோவில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் இரண்டாவது முயற்சியில் ஆறாம் நாள், ராத்திரி ஒன்பது மணி, மெஷினில் சிவப்பு விளக்கு மூன்று தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது. சார்ஜர் வீட்டில். வெளியே கார் பார்க்கிங்கில் பனியில் நின்று 'மச்சான், ஒண்ணு எடு' என்று ஒருவன் பாக்கெட்டைத் திறந்து நீட்டினான், ஃபில்டர்கள் வரிசையாக மஞ்சளாகத் தெரிந்தன. ஆறு நாள் அந்தப் பார்க்கிங்கோடு போயிற்று. மன உறுதி, வைராக்கியம் என்றெல்லாம் எனக்கு அறிவுரை சொன்னார்கள். இன்னொரு பேட்டரி இருந்திருந்தால் போதும்.

புதுக் காயில் போட்டேன், முதல் இழுப்பே கருகிய நாற்றம். ஏமாற்றிவிட்டார்களா?

பஞ்சைக் கருக்கிவிட்டீர்கள். புதுக் காயிலின் பஞ்சு காய்ந்து இருக்கும். அது திரவத்தில் ஊறும் முன் சூடேற்றினால் ஆவியாக எதுவும் இல்லை, பஞ்சுதான் வேகும். அடுப்பில் எண்ணெய் ஊற்ற மறந்த வாணலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கருகினால் அந்த ருசி போகாது, கழுவிப் பார்க்கிறேன், வெயிலில் காய வைக்கிறேன் என்று மெனக்கெடாமல் தூக்கிப் போடுங்கள்.

காயிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள், அவற்றுக்குள் வெள்ளையாகப் பஞ்சு தெரியும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள், பஞ்சு வெள்ளை மாறி ஈரமாக மினுங்கும். அப்புறம் பொருத்தி, திரவம் நிற்கும் டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். பாட்டோடு சேர்ந்தே வரும் காயிலாக இருந்தால் சொட்டு விட முடியாது, நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் போதும். முதல் சில இழுப்பு மென்மையாக இருக்கட்டும்.

இன்னும் கருகுகிறது என்றால் மூன்று காரணம்தான் நான் பார்த்தது. வாட்டை ஏற்றி வைத்திருப்பீர்கள் (காயில் மேலேயே எத்தனை வாட் என்று எழுதியிருக்கும்). அல்லது மூச்சு விடாமல் அடுத்தடுத்து இழுக்கிறீர்கள், பஞ்சு மறுபடி ஊற நேரமில்லை. அல்லது டேங்கில் திரவம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒரு காயில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரும். மாம்பழம், மிட்டாய் என்று இனிப்புத் தூக்கலான ஃப்ளேவர்கள் காயிலில் கறுப்பாகப் பாகு மாதிரி படிந்து சீக்கிரமே கொன்றுவிடும்.

கோட் பையெல்லாம் ஒழுகுகிறது.

நேராக நிற்க வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். நடுக்குழாயில் திரவம் போகாமல் ஓரமாக ஊற்றுங்கள். வேகமாக உறிஞ்சுவதை நிறுத்துங்கள். அப்படியும் ஒழுகினால் காயில் சரியாகப் பொருந்தவில்லை அல்லது ரப்பர் வளையம் போய்விட்டது. விமானம் ஏறும் முன் டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது, மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். மெஷினும் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

இருபதிலிருந்து மூன்றுக்குக் குறைத்துவிட்டேன், மீதிக்கு வேப். இதுவே பெரிய சாதனைதானே?

பாதி வழி வந்ததற்குப் பாராட்டு. ஆனால் அங்கேயே குடியிருந்துவிடாதீர்கள், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வருடக்கணக்கில் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இருபதை மூன்றாக்கினால் ஆபத்தும் ஏழில் ஒரு பங்காகிவிடும் என்று மனசு கணக்குப் போடும். இதயம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. 2018இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: நாளுக்கு 20 சிகரெட்டால் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இருந்தது. ஒன்றே ஒன்றுக்கு.

இந்த மூன்று எவை என்று பாருங்கள். அநேகமாகக் காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, டீயோடு ஒன்று. அதாவது வேப் ஜெயிக்க முடியாத மூன்று இடம். அந்த மூன்று நேரத்துக்கு மட்டும் 20 மில்லிகிராம் மெஷினைத் தனியாக வைத்து, சிகரெட்டுக்குக் கை போகும் முன் பத்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். போதவில்லையா, கையில் நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டு மேலே வேப் பயன்படுத்தலாம், இங்குள்ள சிகரெட் நிறுத்தும் மையங்களில் அப்படியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே ஒரு குழாயில் ஊதச் சொல்லிக் கார்பன் மோனாக்சைடு அளப்பார்கள். சிகரெட்டை முழுதாக விட்ட ஓரிரு நாளில் அந்த எண் புகைக்காதவர் அளவுக்கு இறங்கும். இருபதுக்கு மேல் இருந்த என் எண் இரண்டு என்று திரையில் வந்தபோது அந்த நர்ஸம்மாவைவிட நான்தான் அதிகம் சிரித்தேன்.

'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று பாக்கெட்டை அலமாரிக்கு மேலே வைக்கிற பழக்கமும் இதில் சேர்த்தி. அவசரம் அன்றைக்கே வரும்.

புகையிலை ஃப்ளேவர்தான் எடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. புகையிலை என்று எழுதியிருந்தாலும் சிகரெட் ருசி வராது, ஏதோ கேரமல் மாதிரி இருக்கும், அதில் ஏமாந்து விட்டவர்கள் உண்டு. மெந்தால் பிடித்தவர்களுக்கு மெந்தால் சுலபம் (மெந்தால் சிகரெட்டே 2020 மே மாதத்திலிருந்து இங்கே விற்பனையில் இல்லை). நான் எலுமிச்சையில் நின்றேன். ஒரே ஃப்ளேவரை நாள் முழுக்க இழுத்தால் ஒரு கட்டத்தில் நாக்கு மரத்துப்போய் ருசியே தெரியாது. இரண்டு வைத்து மாற்றிக்கொண்டால் சரியாகும்.

மாறியதிலிருந்து ஃபில்டர் காபி குடித்தால் படபடப்பு, தூக்கம் வேறு இல்லை. நிகோடின் அதிகமா?

நிகோடினாகவும் இருக்கலாம், ஆனால் காபியைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன, அதன் வேலை காஃபீனை உடைப்பது. அதனால் புகைப்பவர் உடம்பில் காபி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்துபோகும். சிகரெட்டை நிறுத்திய சில நாளில் அந்த நொதி பழைய நிலைக்கு இறங்கும், நீங்களோ அதே நாலு டம்ளர் குடிப்பீர்கள், ரத்தத்தில் காஃபீன் தேங்கும். இதைத் தூண்டுவது புகை, நிகோடின் இல்லை, அதனால் வேப்போ பேட்ச்சோ எடுத்தாலும் இது நடக்கும். காபியைப் பாதியாக்குங்கள்.

காபிக்கு இது வெறும் படபடப்பு. சில மருந்துகளுக்கு நிஜமான ஆபத்து. மனநல மருந்துகளில் குளோசபின், ஓலான்சபின், மூச்சுக்கோளாறுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் ஆகியவை அதே நொதியால் உடைபவை. சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் அவற்றின் அளவு ஏறும், டோஸ் குறைக்க வேண்டி வரலாம். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், நிறுத்தப்போகும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் வேப் பிடித்துச் செத்தார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததே? பாப்கார்ன் நுரையீரல் என்கிறார்களே?

செத்தது உண்மை. 2019இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனதாகக் கணக்கு, அதில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெய் கார்ட்ரிட்ஜ்கள், அதைக் கெட்டியாகக் காட்டக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் நிகோடின் திரவத்தில் வைட்டமின் சேர்க்கவே கூடாது.

பாப்கார்ன் கதை அதைவிடப் பழையது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கும் டைஅசிட்டைல், அமெரிக்காவில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது. இங்கே வேப் திரவத்தில் அதற்குத் தடை. சிகரெட் புகையில் அது இருக்கிறது என்பதை மட்டும் அந்த வாட்ஸப் செய்தியில் எழுத மறந்துவிட்டார்கள்.

அப்படியென்றால் எங்கே வாங்கினாலும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. தீர்ந்ததும் தூக்கிப்போடும் டிஸ்போசபிள் வேப்கள் 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை. இன்னும் கல்லாவுக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கடைகளை விட்டு விலகுங்கள். சட்டப்படி டேங்க் 2 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, நிகோடின் பாட்டில் 10 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது. 5 சதவீதம் நிகோடின் என்று போட்ட பெட்டியை நீட்டினால் அது கள்ளச்சரக்கு. 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2 பவுண்ட் 20 பென்ஸ் வரி என்று அரசு முடிவு செய்திருக்கிறது. வரி வந்தால் கள்ளச்சரக்கு கூடும் என்பது என் ஊகம்.

குழந்தைகள் இருக்கும் வீடு. என்ன கவனிக்க வேண்டும்?

பாட்டிலை. 20 மில்லிகிராம், 10 மி.லி. பாட்டிலில் மொத்தம் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது, மாம்பழ வாசனையோடு. சின்னப் பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து. மருந்துப் பெட்டி போல உயரத்தில், பூட்டி வையுங்கள், மூடியைச் சமையல் மேடையில் கழற்றிவைத்துவிட்டுப் போனை எடுக்கப் போகாதீர்கள். கையில் கொட்டினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தோல் வழியாகவும் ஏறும். குழந்தை முன்னால், காருக்குள் இழுக்க வேண்டாம்.

பேட்டரியைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுத் தூங்காதீர்கள். தனிப் பேட்டரி போடும் மெஷின் என்றால் அதைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள், ஷார்ட் ஆகித் தொடை வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

கர்ப்பமாக இருப்பவர் மாறலாமா?

மருத்துவச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும். பேட்ச், கம் ஆகியவற்றைத்தான் முதலில் சொல்வார்கள். சிகரெட்டை நிறுத்த வேப்தான் உதவுகிறது என்றால், சிகரெட்டைத் தொடர்வதைவிட அது மேல் என்பதுதான் என்.எச்.எஸ்ஸின் நிலையும்.

சிகரெட்டை விட வேப்பை அதிகமாக இழுக்கிறேனோ என்று பயம். நாளுக்கு எத்தனை இழுப்பு சரி?

எண்ணாதீர்கள். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, ஐந்து நிமிடத்தில் ஃபில்டர் வந்துவிடும், நசுக்கிவிட்டு உள்ளே போவோம். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது, அதனால் எப்போது நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதில்லை. முதல் மாதம் உடம்பு கேட்கும்போது கொடுங்கள். சிகரெட் முழுதாகப் போன பிறகு ஒழுங்குக்குக் கொண்டுவரலாம்: சோபாவில் உட்கார்ந்து இழுக்காமல், பழையபடி வாசலுக்குப் போய் மட்டும் இழுப்பது என் வழி. ஜனவரிக் குளிரில் அது பாதியாகத் தானே குறைந்தது.

ஒரு பார்ட்டியில் இரண்டு சிகரெட் அடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

இரண்டு சிகரெட் போச்சு. மறுநாள் காலை வேப்பை எடுங்கள். மிச்சப் பாக்கெட் இருந்தால் தண்ணீரில் போடுங்கள், குப்பையில் போட்டால் திரும்ப எடுப்போம், நான் எடுத்திருக்கிறேன்.

வேப்பை எப்போது விடுவது?

சிகரெட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்ற நம்பிக்கை வந்த பிறகு. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. ஒரு வருடம் கழித்து வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள், பேட்ச், கம் மாதிரி கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம். அதிலேயே இன்னொரு எண் உண்டு, வேப் ஆதரவாளர்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போவது: வேப்பால் சிகரெட்டை விட்ட அந்த 18 சதவீதத்தில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பில்தான் இருந்தார்கள். அதாவது இது சிகரெட்டிலிருந்து இறக்கிவிடும், தன்னிடமிருந்து தானாக இறக்கிவிடாது.

20, அப்புறம் 10, அப்புறம் 6, 3 என்று மாதக் கணக்கில் இறங்குங்கள். ஒரு படி இறங்கியதும் சிகரெட் நினைப்பு வந்தால் மேலே ஏறிக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். நான் இப்போது 6இல் இருக்கிறேன், இரண்டு தடவை 3 வரை போய்விட்டு வந்தவன். இங்கிலாந்தில் இலவச உதவிக்கு 0300 123 1044.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் 2018இலேயே தடை, 2019இல் இந்தியா முழுவதும். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் எல்லாமே சட்டத்துக்குள் வரும், 'என் சொந்த உபயோகத்துக்கு' என்ற விலக்கு கிடையாது. இறக்குமதிக்கு முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அத்தை பையன் கேட்டான் என்று பெட்டியில் நாலு போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்காதீர்கள்.

இங்கிருந்தே பேட்ச்சும் கம்மும் வாங்கிக்கொண்டு போங்கள். 20 மில்லிகிராமில் இருப்பவர் வெறுங்கையோடு மூன்று வாரம் ஊருக்குப் போனால், இரண்டாம் நாள் டீக்கடை வாசலில்தான் நிற்பார், இதில் எனக்கு முன்னனுபவம் உண்டு. நிகோடின் கம் அங்கே மருந்துக் கடையிலும் கிடைக்கும். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் இந்தியாவில் இலவச எண் 1800 112 356. போன தடவை மூன்று வாரமும் பேட்ச்சில் ஓட்டினேன், சிகரெட் தொடவில்லை. தோளில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அம்மாதான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், என்னடா ஊசி போட்டார்கள், எங்கே அடிபட்டது என்று.